ஐம்பது புள்ளி ஒன்பது

சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஒஹையோவிலோ டெக்சஸிலோ இருக்கும் ஒரு பெரியவருக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பார்ப்பது என் தொழில். ஆளைப் பார்ப்பதில்லை. அவருடைய குடும்ப டாக்டர் எழுதிய குறிப்பை வரி வரியாகப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை எடுத்துப் போட வேண்டும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். என் அம்முச்சி அக்கம்பக்கத்தில் சொல்வது வேறு மாதிரி: “பேத்தி கம்ப்யூட்டர்ல டாக்டருக்குக் கணக்குப்பிள்ளை வேலை பாக்குதுங்க.” கம்பெனியில் ஆள் சேர்க்கும்போது கொடுக்கும் விளக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

கோவையில் இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லோருமே வேறு எதற்கோ படித்தவர்கள். விலங்கியல், மைக்ரோபயாலஜி, பயோடெக், பார்மசி, நர்சிங், பிசியோதெரபி. எங்கள் பேட்ச்சில் பல் டாக்டர் ஒருவரும் சித்த மருத்துவம் முடித்த ஒருவரும் இருந்தார்கள். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்கா ஐ.சி.டி. என்ற நோய்க் குறியீட்டுப் புத்தகத்தின் ஒன்பதாம் பதிப்பை விட்டுப் பத்துக்கு மாறியது. சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் சுமார் 70,000 வந்து நின்றன. அத்தனையையும் தேடிப் போட அங்கே கை போதவில்லை. சத்தி ரோட்டில் பி.எஸ்சி. முடித்துவிட்டு லேப் டெக்னீஷியன் சம்பளத்துக்கு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஏ.சி. அறையும் கம்பெனி பஸ்ஸும் கிடைத்தன. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பேனா, காகிதம் கூடாது. நோயாளியின் அந்தரங்கம் பற்றிய அமெரிக்கச் சட்டம் 1996-லிருந்தே இருக்கிறது; அதன் நிழல் எங்கள் டிபன் பை வரைக்கும் நீளும்.

நான் அதிகம் பார்த்தது இதயச் செயலிழப்பு சார்ட்டுகளை. இதயம் நின்றுபோவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிற்பதில்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அல்லது அனுப்புவதற்குள் உள்ளே அழுத்தம் ஏறிவிடுகிறது. நுரையீரலில் நீர் கோக்கும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் ஊர்ப்பக்கம் “பம்பிங் கம்மியா இருக்குதாமா” என்றால் இதுதான்.

ஐ.சி.டி. பத்தில் இதற்கு வீட்டு எண் ஐ 50. அமெரிக்கா தன் தேவைக்காக அதை இன்னும் பிரித்துக்கொண்டது. இதயம் சுருங்கும் வலு குறைந்திருந்தால் (சிஸ்டாலிக்) 50.2, சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போய் விரிய மாட்டேன் என்கிறது என்றால் (டயஸ்டாலிக்) 50.3, இரண்டும் சேர்ந்தால் 50.4. அதற்கு அடுத்த இலக்கம் நோயின் வேகத்தைச் சொல்லும்: திடீரென்று வந்ததா, நாள்பட்டதா, நாள்பட்டது திடீரென்று முற்றியதா. டாக்டர் இது எதையும் சொல்லாமல் ‘சி.எச்.எஃப்.’ என்று மூன்றெழுத்து போட்டுவிட்டுப் போனால் 50.9. வகை சொல்லப்படாதது என்று பொருள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 50.9 மேல் ஒரு பிரியம் உண்டு. ஆடிட்டில் மாட்டாது என்ற நினைப்பு, யோசிக்க வேண்டாம், புரொடக்‌ஷன் ஓடும். அடுத்த பத்தியிலேயே டாக்டர் வகையைச் சொல்லியிருப்பார். அவ்வளவு தூரம் கண் போயிருக்காது. நான் ஆடிட்டர் ஆன பிறகு எழுதிய எரர்களில் தவறான குறியீட்டைவிட, சோம்பேறித்தனமான சரியான குறியீடுகளே மிகுதி.

வகையைப் பிரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. டாக்டர்கள் சில வருடங்களாகவே சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்று எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதத்தை வைத்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். 40-ம் அதற்குக் கீழும் என்றால் குறைந்தது, 50-ம் அதற்கு மேலும் என்றால் காக்கப்பட்டது, நடுவில் இருப்பது லேசாகக் குறைந்தது. புத்தகமோ பழைய சொல்லையே கேட்டது. டாக்டர் தெளிவாக எழுதியிருந்தும் நாங்கள் 50.9 போட்டுக்கொண்டிருந்தோம். 2016-இன் தொடக்கத்தில்தான் அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் வெளியிடும் கோடிங் கிளினிக், காக்கப்பட்டது என்றால் டயஸ்டாலிக், குறைந்தது என்றால் சிஸ்டாலிக் என்று எடுத்துக்கொள்ளலாம் என விடை சொன்னது. அன்றைக்குக் கேன்டீனில் எங்களுக்குள் நடந்த பேச்சைக் கேட்டவர்கள் ஏதோ போனஸ் அறிவிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் ஒரே ஆளுக்கு இருந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று டாக்டர் எழுதினால் ஒழிய. அப்போது முதலில் வருவது ஐ 11.0, பிறகுதான் ஐ 50. சிறுநீரகமும் நாள்பட்டுக் கெட்டிருந்தால் ஐ 13. வரிசை மாறினால் எரர். இந்த விதிகளை எல்லாம் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். மனப்பாடத்தில் வராத ஒன்று இருக்கிறது, அதைக் கைக்கொள்ளத்தான் வருடங்கள் ஆகின்றன. கோடர் டாக்டர் இல்லை.

ஒரு சார்ட் மாதிரிக்குச் சொல்கிறேன். மாத்திரைப் பட்டியலில் சாக்குபிட்ரில்-வால்சார்டன், கார்வெடிலால், ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசெமைடு. கூடவே இணைத்திருக்கும் எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் 28 சதவீதம். டாக்டரின் முடிவுரையிலோ “மூச்சுத் திணறல், கால் வீக்கம். அதே மருந்து தொடரவும். மூன்று மாதம் கழித்து வரவும்.” இவ்வளவுதான். இந்த ஆளுக்கு என்ன நோய் என்று எங்கள் செக்யூரிட்டி அண்ணனிடம் காட்டினாலும் சொல்லிவிடுவார். நான் போட முடிந்ததோ மூச்சுத் திணறலுக்கு ஆர் 06.02, கால் வீக்கத்துக்கு ஆர் 60.0. அனுபவ பாத்தியதை எத்தனை தலைமுறையாக இருந்தாலும் சிட்டாவில் பெயர் ஏறாத தோட்டத்துக்கு பாங்கியில் கடன் கிடையாது அல்லவா, அப்படித்தான். நோயைச் சொல்ல வேண்டியது டாக்டர். மருந்தை வைத்து ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டால், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோனைப் பார்த்தும் இதயம் என்று எழுதத் தோன்றும். சிறுநீரகக்காரர் சாப்பிடும் ஃபுரோசெமைடும் அதே மாத்திரைதான்.

சந்தேகத்துக்கும் விதி உண்டு. ‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’, ‘இல்லை என உறுதிசெய்ய’ என்று புறநோயாளிக் குறிப்பில் எழுதியிருந்தால் அந்த நோயைத் தொடக்கூடாது. அறிகுறியை மட்டும் போட வேண்டும். படுக்கையில் சேர்த்து டிஸ்சார்ஜ் ஆகும்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும் உண்டு என்றே கணக்கு. முரணாகத் தெரிந்தாலும் எனக்கு இதில் நியாயம் படுகிறது. குடும்ப டாக்டரின் அறையில் ஒரு முறை விழுந்த பெயர் ஆள் சாகிறவரைக்கும் கூடவே வரும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ‘ஹிஸ்டரி ஆஃப் சி.எச்.எஃப்.’ எங்கள் தொழிலில் ஹிஸ்டரி என்றால் இருந்து போய்விட்டது. டாக்டர் மனதில் ஹிஸ்டரி என்றால் பழைய நாளிலிருந்து இருக்கிறது. அவர் அப்படி எழுதிவிட்டு, கீழே அதற்கான மருந்தை மாற்றிக்கொண்டிருப்பார். விதிப்படி அந்தச் சொல் நோயை அடித்துவிடுகிறது.

எக்கோவில் வரும் ‘கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ இன்னொரு பொறி. இங்கே கோவையிலும் ஐம்பது வயது தாண்டிய யார் எக்கோ எடுத்தாலும் அந்த வரியோடுதான் பெரும்பாலும் வெளியே வருவார்கள். இதயம் விரிவதில் ஒரு சின்ன மந்தம், வயதோடு வருவது. அதை டயஸ்டாலிக் ஹார்ட் ஃபெயிலியர் என்று எடுத்து 50.3 போட்டால், நடைபயிற்சி போகிற ஒரு வாத்தியாரை இதய நோயாளி ஆக்கியாயிற்று. அதற்கு உரியது ஐ 51.89 என்ற பொதுப் பெட்டி. இப்போது சாஃப்ட்வேரே குறியீடுகளைப் பரிந்துரைக்கிறது. ‘தந்தை ஹார்ட் ஃபெயிலியரில் இறந்தார்’ என்ற வரியைக் கண்டு மகனுக்கு ஐ 50 போடச் சொல்லும். எங்கள் வேலையில் பாதி இன்றைக்கு அதன் கையைத் தட்டிவிடுவது.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், பணம். அமெரிக்காவில் முதியோர் பலர் மெடிக்கேர் அட்வான்டேஜ் என்ற திட்டத்தில் இருக்கிறார்கள். அரசு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். ஆளுக்கு நோய் கூடக் கூடத் தொகையும் கூடும். இதயச் செயலிழப்புக்கு நல்ல கனம் உண்டு. அந்தத் தொகைக் கணக்கில் ஹெச்.சி.சி. 85 என்ற ஒரே பெட்டியில் இருந்ததை 2024-லிருந்து படிப்படியாகப் புதிய முறைக்கு மாற்றி, 221 முதல் 226 வரை பிரித்தார்கள். வருடா வருடம் கணக்கு புதிதாகத் தொடங்கும். போன வருடம் எழுதிய நோயை இந்த வருடமும் நேரில் பார்த்து எழுதாவிட்டால் அது இல்லை. வெட்டிய கால் ஜனவரி 1-ஆம் தேதி முளைத்துவிடும் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. கேலி இல்லை, நிஜம்.

ஆகவே அங்கே எழுதாமல் விடுவதைவிட, கூட்டி எழுதுவது பெரிய வியாதி. மருத்துவமனையிலிருந்து வந்த ‘நாள்பட்டது திடீரென்று முற்றியது’ என்ற வரி, குடும்ப டாக்டரின் குறிப்பில் வருகைக்கு வருகை நகல் ஆகிக்கொண்டே இருக்கும். ஆள் கோல்ஃப் ஆடுகிறார், காலில் வீக்கமில்லை, நுரையீரல் சுத்தம் என்று மேலே எழுதியிருக்கும். கீழே முற்றிய நிலை. வீட்டுக்கு நடந்து போன ஒருவருக்கு அந்தக் குறியீடா என்று நிறுத்திக் கேட்பதுதான் கோடரின் உத்தியோகம். கேட்பதற்கும் முறை இருக்கிறது. “இவருக்கு இதயச் செயலிழப்பு என்று எழுதுவீர்களா?” என்று கேட்டால் அது வாயில் ஊட்டிவிடுவது, கூடாது. பம்பிங் இவ்வளவு, மருந்து இது, அறிகுறி இது, உங்கள் மருத்துவ முடிவு என்ன என்று கேட்க வேண்டும். பதிலுக்கு இடம் திறந்திருக்க வேண்டும், ‘சொல்ல இயலாது’ என்பதும் சேர்த்து.

சனி ஞாயிறுகளில் அதே சத்தி ரோட்டில் வடக்கே போனால் எங்கள் ஊர். கோவில்பாளையம், அன்னூர் தாண்டிப் புளியம்பட்டி போகும் வழியில் ஒரு டாக்டர் இருக்கிறார். எம்.பி.பி.எஸ்.; அறுபதைத் தாண்டியவர். சந்தை நாளில் அவர் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சின்ன வயசில் எனக்கு ஊசி போட்டவர். ஒரு நாள் அம்முச்சிக்கு பிரஷர் பார்க்கப் போனபோது, “ஏங்கண்ணு, அமெரிக்காக்காரனுக்கு எழுதறயாமா. நம்ம நோட்டையும் ஒருக்காப் பாத்துக் குடேன்” என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நான் நோட்டை வாங்கிவிட்டேன்.

நீள நோட்டு. தேதி, பெயர், ஊர், மாத்திரை, காசு. நோய் என்ற பத்தி பாதிக்கு மேல் வெறுமை. எழுதிய இடங்களில் ‘வீசிங்’, ‘பி.பி.’, ‘சுகர்’, ‘ஜெனரல் வீக்னஸ்’. லேசிக்ஸ், டைடர் என்ற நீர் மாத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. ஏன் என்ற சொல் இல்லை. நீர் மாத்திரை எழுதிய பெயர்களைத் தனித்தாளில் எடுத்துக் கேட்டேன். அவருக்கு ஒவ்வொருத்தரையும் தெரியும். “இவரு மில்லு வாட்ச்மேன், பைபாஸ் பண்ணுனவரு. இந்தம்மாவுக்குச் சின்ன வயசுலயே வால்வு போச்சு, அசிட்ரோம் சாப்பிடறாங்க. இவரு தறி போட்டவரு, பம்பிங் முப்பத்தஞ்சு.” எல்லாம் தலைக்குள் இருந்தது. தலைக்குள் இருப்பதை வைத்து அவர் பிரமாதமாக வைத்தியம் பார்த்தார்.

அவர் ஊரில் இல்லாத நாளில்தான் பிரச்சினை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு சின்ன டாக்டர் வந்து உட்காருவார். அப்படி ஒரு நாள் தறிக்காரருக்கு மூட்டு வலி. நோட்டில் நோய் எதுவும் இல்லை, நீர் மாத்திரை மட்டும். பிரஷருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் ஐந்து நாள் மாத்திரையும் கொடுத்தார். அந்த வகை வலி மருந்துகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். வாரம் முடிவதற்குள் அந்த மனிதரைக் கோவைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. பிழைத்து வந்தார். சின்ன டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐ 50 என்று எழுத வேண்டாம், ‘பம்பிங் 35’ என்று இரண்டு சொல் இருந்திருந்தால் அவர் கை பாராசிட்டமாலுக்குப் போயிருக்கும்.

கொங்குப் பக்கம் மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. பஞ்சு மில்லில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் தூசியை இழுத்த நுரையீரல்கள் இருக்கின்றன. விறகடுப்புப் புகையில் வெந்த பெண்கள் இருக்கிறார்கள். பீடி இருக்கிறது. எனவே யார் இளைத்துக்கொண்டு வந்தாலும் ‘வீசிங்’ என்று எழுதி நெபுலைசர் வைப்பது அனிச்சை ஆகிவிட்டது. புகை வைத்துவிட்டு ஒரு நீர் ஊசியும் சேர்த்துப் போட்டால் எதுவோ ஒன்று கேட்கும். கேட்டபின் எது கேட்டது என்று யாரும் எழுதுவதில்லை. “படுத்தா முட்டுதுங்க, எந்திரிச்சு உக்காந்தாத் தேவலைங்க” என்று ஒரு பாட்டி சொல்வது நோட்டில் ஏறினாலே பாதி வேலை முடிந்தது. ஃப்ராமிங்ஹாம் ஆய்வுக்காரர்கள் 1971-இல் இதயச் செயலிழப்புக்கு வகுத்த அடையாளங்களில், ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருப்பது பெரிய அடையாளம். கால் வீக்கம் சின்ன அடையாளம்தான். நாங்கள் கால் வீக்கத்தை எழுதுகிறோம்.

நான் எடுத்த நீர் மாத்திரைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: “எல்லாத்துக்கும் நேரா ஹார்ட் ஃபெயிலியர்னு எழுதிப்போடு அம்மிணி, வேலை முடிஞ்சுது.”

“நான் எழுதக்கூடாதுங்க சார். நீங்க சொல்லோணும்.”

“நாந்தான் சொல்லறேனே.”

“எதை வெச்சுச் சொல்றீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க.”

சிரித்தார். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. ஆனால் அன்று பொழுதோட உட்கார்ந்து ஆரம்பித்தோம். பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. நோயாளிகளை எக்கோ ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துவரச் சொன்னார். மஞ்சப்பையிலும் ஜவுளிக்கடைப் பையிலும் வந்தன. சிலருக்குக் கால் வீக்கம் பிரஷருக்குச் சாப்பிட்ட அம்லோடிபினால். மாத்திரையை மாற்றியதும் வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரையும் நின்றது. சிலருக்குச் சிறுநீரகம். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்ட பெண்களைத் தனியாகப் பிரித்தோம். அமெரிக்க சார்ட்டுகளில் அரிதாக வரும் ஐ 09.81 என்ற குறியீடு எங்கள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வேலை செய்தது எனக்கே வியப்பு. மீதிப் பேருக்கு உண்மையிலேயே இதயச் செயலிழப்பு. அவர்களிலும் சிலருக்கு எக்கோ ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அவர்களுக்கு ‘சந்தேகம், எக்கோ பாக்கி’ என்று எழுதி ஒரு தேதி போட்டோம்.

இப்படிப் பட்டியல் வைக்கும் பழக்கத்தை நான் எடுத்தது இங்கிலாந்திலிருந்து. அங்கே ஜேம்ஸ் ரீட் என்ற குடும்ப டாக்டர் 1980-களில் தன் கம்ப்யூட்டருக்காக ஒரு குறியீட்டு முறை உண்டாக்கினார். நாடு முழுக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள், 2018-இல் ஸ்னோமெட் சி.டி.க்கு மாறும் வரை. 2006-லிருந்து இதயச் செயலிழப்புக்காரர்களின் பட்டியல் வைத்திருந்த குடும்ப டாக்டர்களுக்கு அதற்கென்று ஊக்கத்தொகை கிடைத்தது; நோய் எக்கோவாலோ நிபுணராலோ உறுதியானதா என்றும் பார்த்தார்கள். பட்டியல் இருந்தால்தான் யாருக்கு மருந்து போகவில்லை என்று தேட முடியும். நமக்கும் ஸ்னோமெட் உரிமை 2014-லிருந்து இருக்கிறது. புனே சி-டாக் அதற்குப் பொறுப்பு. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்தது. அதற்கு முந்தின மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அது பெரிய காரியம். அடுத்ததாக அவர்கள் கையில் எடை மிஷினைக் கொடுத்து, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியவர் யார் என்று எழுதச் சொல்லலாம் என்பது என் ஆசை. உடம்பில் நீர் கோப்பதை எக்கோவுக்கு முன்னால் எடை காட்டிவிடும்.

ஆஸ்பத்திரிக் கணக்கு நமக்கு ஓரளவு உண்டு. திருவனந்தபுரத்தில் 2013-இல் தொடங்கிய பதிவேட்டில் 1,205 பேர். தேசியப் பதிவேட்டில் 53 மருத்துவமனைகளிலிருந்து 10,851 பேர். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்திருக்கிறார்கள், சராசரி வயது அறுபதை ஒட்டி. அமெரிக்கர்களுக்கு எழுபதுகளில் வருவது நமக்குப் பத்து வருடம் முந்தி வருகிறது. டிஸ்சார்ஜ் ஆகி சத்தி ரோட்டில் திரும்பி வந்தபின் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. நீள நோட்டில்தான் இருக்கிறார்கள்.

நோயை எழுத வேண்டாம் என்று கேட்பவர்களும் உண்டு. தன் அப்பாவைக் கூட்டிவந்த ஒரு பனியன் கம்பெனிக்காரர், “ஹார்ட்டுன்னு எழுதிராதீங்க சார், பாலிசி எடுக்கோணும்” என்றார். டாக்டர், “எழுதலைன்னா பாலிசி கிடைக்குமுங்க, க்ளெய்ம் வாங்கறப்ப பழைய சீட்டெல்லாம் கேப்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டு எழுதினார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் நான்கு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் சமாதானம் இல்லை. அமெரிக்காவில் பணம் வரும் என்று எழுதுகிறார்கள், இங்கே பணம் போகும் என்று மறைக்கிறார்கள்.

இறப்புச் சான்று விஷயத்தில் நானும் டாக்டரும் சண்டையே போட்டிருக்கிறோம். வீட்டில் இறந்தவர்களுக்கு 4ஏ படிவம். காரணம் என்ற இடத்தில் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று எழுதுவது நாடு முழுக்க வழக்கம். இதயம் நின்றுதான் எல்லோரும் சாகிறார்கள். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று மட்டும் எழுதினாலும் புள்ளிவிவரக்காரர்களுக்கு உதவாது; உலக நோய்ச்சுமைக் கணக்கில் ஐ 50-ஐக் குப்பைக் குறியீடுகளில் சேர்த்திருக்கிறார்கள். இதயம் எதனால் தளர்ந்தது என்பதுதான் அடி வரியில் வர வேண்டும்: பழைய மாரடைப்பா, ரத்த அழுத்தமா, வால்வா. உயிரோடு இருக்கும்போது எழுத வேண்டிய முக்கியமான சொல், செத்தபின் போதாததாகிவிடுகிறது. “செத்தவனுக்கு எதுக்குக் கண்ணு அத்தனை வெவரம்?” என்றார். “அவரோட பையனுக்கு நாப்பது வயசுங்க சார், அடுத்த வாரம் உங்ககிட்டத்தான் வருவாரு” என்றேன். அந்தப் படிவத்தைத் திருப்பி வாங்கி மாரடைப்பைச் சேர்த்தார்.

போன தடவை போனபோது தறிக்காரர் புது எக்கோவோடு வந்திருந்தார். பம்பிங் 52. கோவையில் கொடுத்த ரிப்போர்ட்டில் இதயத்தின் செயல்பாடு இயல்பு என்று இருந்தது. “செரியாப் போச்சுங்களாமா, மாத்திரைய நிறுத்திப் போடலாமுங்களா?” என்று கேட்டார். டாக்டருக்கும் உள்ளூர ஒரு சபலம். ஏழைக்கு மாசம் மிச்சமாகும். நான் அவருக்கு டிரெட்-ஹெச்.எஃப். ஆய்வைச் சொன்னேன். இதயம் பெரிதாகிப் பம்பிங் குறைந்து, மருந்தால் தேறி, நல்லாகிவிட்டோம் என்றிருந்த 51 பேரில் முதலில் பாதிப் பேருக்கு மட்டும் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு நோய் திரும்பியது. 2019-இல் லான்செட்டில் வந்தது. தறிக்காரருக்கு வந்த காரணம் வேறு; ஆனாலும் நிறுத்திப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கோடருக்கு இந்த நிலை ஒரு தொல்லை. பம்பிங் மீண்டுவிட்டதென்று டாக்டர் எழுதினால் டயஸ்டாலிக் வரிசையில், 50.3-இல் போடச் சொல்கிறது கோடிங் கிளினிக்கில் 2020-இல் வந்த விடை. இதயத்தில் விறைப்பே இல்லாத ஆளுக்கு அந்தப் பெட்டி எனக்கு உறுத்துகிறது. சரவணம்பட்டியில் உறுத்தினாலும் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போவேன். இங்கே டாக்டர் பேனாவைத் திறந்து, “நீயே சொல்லு, ஹிஸ்டரின்னு எழுதட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். யோசித்து, நோட்டில் தமிழிலேயே எழுதினார்: ‘இதயச் செயலிழப்பு உண்டு. பழைய மாரடைப்பால். பம்பிங் முன்பு 35, இப்போது 52, மாத்திரையின் உதவியால். நிறுத்தக் கூடாது. வலி ஊசி கூடாது. எடை 58.’ கீழே தேதி போட்டார். தறிக்காரரின் சீட்டிலும் அதையே எழுதிக் கொடுத்தார். குறியீடு எதுவும் போடவில்லை. சீட்டை மடித்து பனியனுக்குள் வைத்துக்கொண்டு அவர் எடை மிஷின் எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.